அவள் சாத்திய ஜன்னல்

என் பக்கத்து நாற்காலிக்காரிக்கு,

நான் ஏன் நம் பெண்கள் மன்றத்துக்கு வருவதில்லை என்று கேட்டிருந்தாய். முழங்கால் வலி என்று எழுதினால் நம்பிவிடுவாய், அதனால் எழுதவில்லை.

"எந்தப் பெண்ணுக்கும் இங்கே இடமுண்டு" என்று வாசல் பலகையில் எழுதச் சொன்னவளே நீதான். அதை நம்பித்தான் அந்த அழகு நிலையக்காரி வந்தாள். ஆணாக வளர்க்கப்பட்டு, வீட்டைவிட்டு வந்து பெண்ணாக வாழ்கிறவள். முதல் நாளே, "ஒரு தடவை என் கையில தலையைக் குடுங்கக்கா, உங்க வீட்டுக்காரரே யாருன்னு கேப்பாரு" என்றாள். நீயும்தான் சிரித்தாய்.

மன்றத்தில் நாம் ஒருவரையொருவர் வாடி, போடி என்போம். அன்று சாரல் அடித்தபோது நீ அவளிடம் மட்டும், "தம்பி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க" என்றாய். மரியாதையாகத்தான் சொன்னாய். தமிழ் வகுப்பில் விளிச்சொல், அதாவது ஒருவரைக் கூப்பிடும் சொல், நடத்துவேன் அல்லவா? ஒரே சொல்லால் ஒருவரை அருகில் அழைக்கலாம்; ஒரே சொல்லால் வெளியிலும் நிறுத்தலாம்.

அன்றோடு அவள் வருவதை நிறுத்தினாள்; நானும்தான். நேற்று அவளைக் கூட்டிவர அவள் கடைக்குப் போனேன். என்னை உட்காரவைத்து, தலை வாரிக்கொண்டே சொன்னாள்:

"அவங்க கூப்பிட்டதுகூடப் பெருசில்ல டீச்சர். நான் எழுந்துபோய்ச் சாத்திட்டேன் பாருங்க, அதான் தாங்கல. எத்தனையோ வருஷமா தெருவுல யார் அப்படிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். உங்க நடுவுலதானே இருக்கோம்னு அசந்துட்டேன். இனிமே வரல."



அவள் வரமாட்டாள். தெரிந்துதான் கேட்கிறேன். நீ ஒருமுறை அந்தக் கடைக்குப் போ. "தங்கச்சி" என்று கூப்பிடு. திரும்பாவிட்டாலும் கூப்பிட்டுவிட்டு வா.

கோபமும் தீராத, உன்னை விடவும் முடியாத,
உன் சினேகிதி