சொதப்பிய பாடங்கள்

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே நம் கிளைப் பள்ளியில் நீ எடுக்கப்போகும் பாடத்துக்கான திட்டம் வந்தது. நாற்பது வயதில் வாத்தியார் வேலைக்கு வந்துவிட்டு, ஓர் அந்நிய மொழியை ஒரே பீரியடில் கரைத்துக் குடிக்க வைக்கப் பார்க்கிறாயே! மணி அடிக்கும்போது பிள்ளைகளால் எதைப் பேச முடியவேண்டும்? முதலில் அதை எழுது. மீதியெல்லாம் அதற்கேற்பப் போடு.

நான் நன்றாக எடுத்த பாடங்களைப் பார்த்து நீ ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டாய். அதனால் சொதப்பிய பாடங்களை எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தை அனுப்புகிறேன். ‘வழி கேட்பது’ பாடத்தில் முப்பத்தைந்து நிமிஷம் நானே பேசியிருக்கிறேன். அன்று கழிப்பறையில் போய் அழுததுகூட அதில் இருக்கிறது. சிரித்துக்கொள், யாரிடமும் காட்டாதே.

புது ஆசிரியர்களுக்குப் பாடம் திட்டமிடச் சொல்லித்தரும் பொறுப்பு இந்த வருஷம் எனக்குத்தான் என்று பேச்சு. ஒன்பது வருஷமாகக் காத்திருக்கிறேன் அக்கா.

உன் வாலு

ஜூலை 2

என் செல்ல வாலுக்கு,

வயிறு வலிக்கச் சிரித்தேன். நேற்று வகுப்பில் பன்னிரண்டு பேர் தாங்களாகவே வாய் திறந்தார்கள். எல்லாம் உன் புண்ணியம். நம் பள்ளி நிர்வாகி வந்திருந்தார். உன்னைப் பற்றியும் பேசினோம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை.

அக்கா

ஜூலை 19

அக்கா,

நிர்வாகி கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜைமேல் என் நோட்டு. “இத்தனை பாடத்தைச் சொதப்பியிருக்கீங்க. நீங்க மத்தவங்களுக்கு என்னத்தைச் சொல்லித் தரப்போறீங்க?” என்றார். நான் அழுத பக்கத்தின் முனை மடிக்கப்பட்டிருந்தது. பொறுப்பு உனக்காம்.

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாயா? உன்னைக் கேட்காமல் அவரே எடுத்துப் போனார் என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

ஜூலை 24

வாலு,

பொய் சொல்ல மாட்டேன். நான்தான் கொடுத்தேன். எனக்கு இருப்பது தற்காலிக வேலை, இந்தப் பொறுப்பு கிடைத்தால்தான் நிலைக்கும்; உன்னுடையது நிரந்தரம். நீ சின்னவள், உனக்கு அடுத்த வருஷம் கிடைக்கும் என்று நினைத்தேன். உன் கோபம் எனக்குத் தெரியாதா, நாலு நாளில் ஆறிவிடும்.

திங்கட்கிழமை அங்கே வருகிறேன். எட்டுப் புது ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. இந்த ஒரு தடவை சொல்லித் தாயேன்.

அக்கா

ஜூலை 27

மதிப்பிற்குரிய பயிற்சிப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். பயிற்சி பெறவேண்டியவர்கள் பட்டியலில் என்னையும் சேர்த்திருப்பதாக அலுவலகம் தெரிவித்தது. திங்கட்கிழமை வந்து கடைசி வரிசையில் உட்காருவேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவேண்டாம். தன் இரண்டு பெண்களும் இன்னும் பேசிக்கொள்வதாகவே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்களிடம் பயிற்சி பெறும் ஆசிரியை