சுளுக்கும் சேவைச் சங்கமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

"சம்பாதிக்கப் போன இடத்துல சேவைச் சங்கம் எதுக்குடா?" என்றீர்களே, கேளுங்கள். போன ஞாயிறு சங்கத்தோடு போய், தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர் வீட்டில் மின்விசிறி மாட்டும்போது ஏணியிலிருந்து வழுக்கிவிட்டேன். பதறாதீர்கள், காலில் வெறும் சுளுக்குதான். அன்றிலிருந்து சங்கத்தார் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். "எந்திரிக்காதீங்க தம்பி, நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று அதட்டுகிறார் சங்கத்துத் தையல்காரர். வீட்டுக்காரரைத் தவிர யாரும் தட்டாத கதவு இது. இப்போது சாத்தவே நேரமில்லை.

அவர்கள் பாத்திரங்களை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே. எனக்கும் செய்ய வரக்கூடிய இனிப்பு ஒன்றின் பக்குவம் எழுதுங்கள்.

கால் முந்தாநாளே சரியாகிவிட்டது. அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. படியில் தையல்காரரின் செருப்புச் சத்தம் கேட்கிறது; நான் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகன்