காதைத் தொட்ட கையும் ஒரு கிழட்டு நட்சத்திரமும்

என் பிரியத்துக்குரிய நீளக் கைக்காரருக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் பார்க்க உங்களை இப்படிக் கூப்பிட்டால் படிக்கிறவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது, உங்களைச் சீண்ட முடியாமல் என் வாய் துருப்பிடித்துக் கிடக்கிறது. தில்லி ஆர்.கே.புரத்து சிநேகிதர்கள் இந்த வருஷம் மலர் போடுகிறார்கள், ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார்கள். நம் சண்டை ஒன்று பாக்கி இருக்கிறதே, அதை நாலு பேர் முன்னால் முடித்துவைக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நல்ல சேதி. நம் மகள் பவித்ரா டாக்டராகிவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, நட்சத்திரத்துக்கு வயது சொல்கிற டாக்டர். போன வாரம்தான் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்தது. அது எப்படி முடிந்தது என்று சொல்வதற்கு முன்னால் உங்கள் கதையைச் சொல்லியாகவேண்டும். இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

உங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனார்கள். ஹெட்மாஸ்டர் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. உங்களுக்கு அப்போது நாலு வயதுதான். ஆனால் கை மட்டும் முந்திக்கொண்டு வளர்ந்திருந்தது. காதைத் தொட்டதோடு நிற்காமல் கன்னத்தையும் சொறிந்துகொண்டீர்களாம். அவர் பேனாவைத் திறந்து, ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் போடுகிற அதே ஜூன் ஒன்றாம் தேதியைப் போட்டு, ஒரு வருஷத்தையும் கூட்டி எழுதிவிட்டார். அவ்வளவுதான், பள்ளிக்கூடத்து வாசலிலேயே உங்களுக்கு ஒரு வயது ஏறிப்போயிற்று.

உங்கள் அம்மாவோ, நீங்கள் பெரியப்பா கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் வைகாசி விசாகத்தன்று பிறந்த பிள்ளை என்று கடைசிவரை சாதித்தார்கள். மத்திய சர்க்கார் ஆபீசில் யார் அதைக் கேட்டார்கள்? சான்றிதழ்ப்படி அறுபது ஆனதும் மாலை போட்டு அனுப்பினார்கள். நீங்கள் மைக்கைப் பிடித்து, "எனக்கு இன்னும் அறுபது ஆகலை, எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்று இந்தியிலேயே பேசினீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சர்தார்ஜி விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் மட்டும் உங்கள் கட்சியில் சேரவே இல்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நான் ரயில்வே ஆஸ்பத்திரியில் பிறந்தவள், என் தேதியில் ஒரு நாள்கூடப் பிசகு கிடையாது. சான்றிதழ்ப்படி நீங்கள் எனக்கு எட்டு மாதம் மூத்தவர். உங்கள் அம்மா சொன்னபடி என்றால் நான்தான் உங்களுக்கு நாலு மாதம் மூத்தவள்! எந்தப் பெண்டாட்டி இதை ஒப்புக்கொள்வாள்?

"ஏட்டி வடிவு, எங்கம்மா சொன்னா பொய்யா? நீ எனக்கு அக்கா மாதிரிட்டி" என்பீர்கள்.

"சர்க்கார் முத்திரை குத்தின காகிதம் இருக்கு. சும்மா கிடங்க" என்பேன்.

இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டேதான் பவி வளர்ந்தாள். அவள் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? "நட்சத்திரத்துக்கு எந்த ஹெட்மாஸ்டர் சர்ட்டிபிகேட் குடுத்தாரு?" அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். அந்தப் பதிலை இப்போது நான் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் நிறம். ஜனவரியில் நம் ஹீட்டர் கம்பி முதலில் கருஞ்சிவப்பாகும், சூடு ஏறினால் ஆரஞ்சாகும். இன்னும் ஏற்ற முடிந்தால் மஞ்சள், வெள்ளை, நீலம் வரைக்கும் போகுமாம். நட்சத்திரமும் அப்படித்தான், நிறத்தைப் பார்த்தே எத்தனை சூடு என்று சொல்லிவிடுகிறார்கள்.

பிறகு தூரம். தூரம் தெரிந்தால்தானே உண்மையில் எவ்வளவு வெளிச்சம் என்று தெரியும்? முனிர்கா வீட்டு மொட்டைமாடியில் அவள் என் கட்டைவிரலை நீட்டச் சொல்லி, ஒரு கண்ணை மூடு, அடுத்த கண்ணை மூடு என்றாள். விரல் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குதித்தது. கண்ணுக்குப் பதிலாகப் பூமியே சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது ஒரு தரம், ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபின் ஒரு தரம் பார்க்கிறார்களாம். நட்சத்திரம் துளி நகர்ந்து தெரியும். அந்தத் துளியிலிருந்து தூரம் வந்துவிடுகிறது.

அப்புறம் இரும்பு. வெளிச்சத்தை வானவில் மாதிரி விரித்தால் நடுவே கறுப்புக் கோடுகள் தெரியுமாம், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அவை சொல்லிவிடும். பிரபஞ்சம் பச்சைப் பிள்ளையாக இருந்தபோது இரும்பே கிடையாது. முதலில் பிறந்த நட்சத்திரங்கள்தான் அதை உள்ளே சமைத்து வெளியே விட்டன. ஆகவே இரும்பு குறைந்த நட்சத்திரம் என்றால் ஆதிகாலத்து ஆள்.

இத்தனையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் போட்டு, இந்த நிறமும் இந்த வெளிச்சமும் வர எத்தனை வருஷம் எரிந்திருக்கவேண்டும் என்று பார்க்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தோற்றத்த வச்சு வயசு! காதைத் தொடுதான்னு பாக்கீங்க, அவ்வளவுதானே?"

"அரே அம்மா, எக்ஸாக்ட்லி!" என்று அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இட்லி மாவு வாங்க டப்பாவோடு வந்து நின்ற மாணவர்கள் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள். ஆமாம், நான் முனிர்காவில் மாவு அரைத்து விற்பது நிற்கவில்லை, கூட்டம்தான் கூடியிருக்கிறது.

இனி வந்த வினையைக் கேளுங்கள். அவள் ஆராய்ச்சி முழுக்க ஒரே ஒரு நட்சத்திரத்தை நம்பி நின்றது. இரும்பு துளியூண்டு உள்ள, மையத்தில் எரிபொருள் தீர்ந்து இப்போதுதான் வீங்கத் தொடங்கியிருக்கிற நட்சத்திரம். அந்தப் பருவத்தில்தான் வயது நன்றாகத் தெரியுமாம். போன வருஷம் நவம்பரில் கணக்குப் போட்டு முடித்தாள். பிரபஞ்சத்துக்கே வயது ஆயிரத்து முன்னூற்று எண்பது கோடி வருஷம்தான். இவள் நட்சத்திரத்துக்கு அதைவிடக் கூட வந்து நின்றது!

வீட்டைக் கட்டுவதற்கு முன்பே வீட்டுக்குள் பிறந்த பிள்ளை உண்டா? பேராசிரியர், இது சரியாகாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். உதவித்தொகை முடிகிற நேரம். குருகிராமில் ஏதோ கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறேன் என்று அழுதாள். அந்த நேரத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நான் சொன்னது இதுதான்: "ஒரு நூறு எரநூறு கோடியக் கொறச்சு எழுதிக்கோயேன். யாரு போய்ப் பாக்கப் போறா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்படிச் செஞ்சா அந்த ஹெட்மாஸ்டருக்கும் எனக்கும் என்னம்மா வித்தியாசம்?"

சொல்லிவிட்டு முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை. தூரத்தைத் திரும்பப் பார்த்தாள், சரி. இரும்பைத் திரும்பப் பார்த்தாள், அதுவும் சரி. தில்லியில் குளிர் போய் வெயில் வந்தது, அவள் நாற்காலியை விட்டு நகரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நான் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். புயல் மாதிரி சமையலறைக்குள் வந்தாள்.

"அம்மா, அது கிழவி இல்லைமா! நடுவுல தூசி!"

நமக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் நடுவே மெலிசாக ஒரு தூசி மேகம் இருந்திருக்கிறது. வானத்தில் எங்கெங்கே தூசி என்று குறித்த பழைய வரைபடத்தில் அது சரியாகப் பதியவில்லை. புதிதாக வந்த நுட்பமான வரைபடத்தோடு ஒத்துப்பார்த்தபோதுதான் அகப்பட்டது. தூசி வழியாகப் பார்த்தால் எதுவும் சிவந்து, மங்கித் தெரியும். நவம்பர் புகையில் தில்லிச் சூரியனே அப்படித்தானே? சிவப்பாகத் தெரிந்ததால் சூடு குறைவு என்று நினைத்தாள், மங்கித் தெரிந்ததால் வெளிச்சம் குறைவு என்று நினைத்தாள். இரண்டும் சேர்ந்து வயதைக் கூட்டிவிட்டன. தூசியைக் கழித்ததும் நட்சத்திரம் பிரபஞ்சத்துக்கு அடக்கமான பிள்ளையாக, அதற்கு இளையதாக வந்து நின்றது.

"இத்தன படிச்சும் தூசி தட்டத் தெரியலயாட்டி ஒனக்கு?" என்றேன். இருவரும் சிரித்த சிரிப்பில் கிரைண்டர் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

வைவாவுக்கு நானும் போனேன். கேசரியும் சுண்டலும் செய்து எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இந்த வயது எவ்வளவு நிச்சயம் என்று கேட்டார். எண்பது கோடி வருஷம் முன்னே பின்னே இருக்கலாம் என்று நம் பெண் அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள். அவரும் நியாயம்தான் என்பதுபோல் தலையாட்டினார்! ஒரே ஒரு வருஷப் பிசகுக்கு நாம் ஆயுசு முழுக்கச் சண்டை போட்டோமே, நம்மை என்னவென்று சொல்வது?

எல்லோரும் கைதட்டியபின் ஆய்வேட்டை என் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். முழுக்க இங்கிலீஷ். முதல் பக்கத்தில் மட்டும் தமிழில் இரண்டு வரி. தமிழில் பஸ் பலகையையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், யாரிடமும் கேட்காமல் தானே போனில் தட்டிச் சேர்த்திருக்கிறாள்.

"வயதைக் கூட்டி எழுதப்பட்ட என் அப்பாவுக்கு. உங்கள் கணக்குதான் சரி, அப்பா."

எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. பரிசோதகர் கேசரி நன்றாக இருக்கிறது என்றார். நான் அழுதுகொண்டே இன்னொரு கரண்டி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் படத்தின் முன்னால் நின்று, கையைத் தலைக்கு மேல் வளைத்துப் பார்த்தேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டது, காது எட்டவே இல்லை. அந்த ஹெட்மாஸ்டர் பார்த்திருந்தால் என்னை அடுத்த வருஷம் வரச் சொல்லியிருப்பார். ஆனாலும் சரி, தோற்றத்தை வைத்து யாருக்கும் வயது சொல்வதில்லை என்று முடிவுசெய்துவிட்டேன். உங்கள் அம்மா சொன்னதுதான் உங்கள் வயது. கேட்டுக்கொள்ளுங்கள், நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

இனி ஜூன் ஒன்றாம் தேதி நமக்கு வெறும் ஜூன் ஒன்றாம் தேதிதான். ஒவ்வொரு வைகாசி விசாகத்துக்கும் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, உங்கள் பிறந்தநாளுக்குச் சேமியா பாயசம் வைப்பேன். பவி எங்கே இருந்தாலும் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் முதல் டம்ளர் எனக்குத்தான். பெரியவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தானே சின்னவர்களுக்கு?

இப்படிக்கு,
உங்களைவிட நாலு மாதம் மூத்த பெண்டாட்டி,
சண்முகவடிவு