வண்டி எடுக்காத நாள்

புதுக்கோட்டை,
புதன்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள குணசேகரன் மச்சானுக்கு, திருமுருகன் வணக்கம் சொல்லி எழுதுறது.

நம்ம அழகுமலை லீவு முடிஞ்சு நாளைக்குக் குவைத்துக்குத் திரும்புறான். அவன்கிட்ட இதைக் கொடுத்து விடுறேன். போன்ல உங்ககிட்ட அக்காவுக்குக் கையில சின்னக் காயம்னு மட்டும்தான் சொன்னேன். அது பாதி உண்மை மச்சான். மீதியைப் போன்ல சொல்ல முடியல. அதான் எழுத உக்காந்தேன்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில தீக்காய வார்டுல இருக்கா. ரெண்டு கையும் முழங்கை வரைக்கும், கழுத்துல ஒரு பக்கமும் வெந்துருச்சு. உயிருக்கு ஆபத்தில்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, விரல் மடங்கத்தான் நாளாகுமாம். உங்க மக கௌசல்யா காலேஜுக்கு லீவு போட்டுட்டுக் கூடவே இருக்கா. வைக்கப்போர், மாட்டுக் கொட்டகை, பின்னாடி சமையல் ரூம் எல்லாம் போயிருச்சு. பசு இருக்கு, கன்னு இல்ல.

நடந்ததை நடந்தபடி எழுதுறேன். தினமும் காலையில டூட்டி மாறுறப்ப தீயணைப்பு வண்டியைச் சோதிக்கிறது டிரைவரான என் வேலை. தண்ணி, டீசல், பம்ப், டயர்னு பார்த்துட்டுக் கடைசியா பிரேக். அது காத்து அழுத்தத்துலதான் பிடிக்கும். இன்ஜினை ஓட்டிக் காத்து ஏத்தி, ஆஃப் பண்ணிட்டு, பெடலை மிதிச்சுக்கிட்டே மீட்டர் முள்ளைப் பார்க்கணும். முள் நிக்கணும். தீப்பிடிச்ச அன்னைக்கு நிக்கல, இறங்கிக்கிட்டே போச்சு. எங்கேயோ புஸ்ஸுன்னு காத்துப் போற சத்தம். ஆபீசர்கிட்ட சொன்னேன், அவரும் மறுபேச்சு பேசாம வண்டி ஆஃப் ரோடு, வெளியில எடுக்க முடியாதுன்னு கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிட்டார். நம்ம பக்கத்துல இருந்து யாராச்சும் 101க்கு அடிச்சா அடுத்த ஸ்டேஷன் வண்டி வந்துரும்.

சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, ஓட்டை எங்கேன்னு பார்க்கச் சோப்புத் தண்ணியோட வண்டிக்கு அடியில படுத்தேன். போன் சட்டைப் பையில. மேல நம்ம ஸ்டேஷன் பிச்சைமுத்து அண்ணன் இன்ஜினை ஓட்டிக்கிட்டு இருந்தார், காதுல ஒண்ணும் விழல.

வெளியில வந்து போனை எடுத்தா, திரை முழுக்க அக்கா பேருதான். திருப்பிப் போட்டேன். பக்கத்து வீட்டு அமராவதி மதினி எடுத்து, வைக்கப்போர் எரியுது, கொட்டகையும் பிடிச்சிருச்சுன்னு கத்துது. 101க்குச் சொல்லியாச்சான்னு கேட்டேன். ‘ஒனக்குத்தானேப்பா அடிச்சுக்கிட்டு இருக்கோம்’னு சொல்லுது. ஆம்பளைங்க பாதிப் பேர் கறம்பக்குடி சந்தைக்குப் போயிட்டாங்க. மிச்சத் தெருவே கூடி நின்னு அக்கா போன்ல இருந்து எனக்கு அடிச்சிருக்கு. திலகவதி தம்பியே தீயணைப்பு டிரைவர், அப்புறம் வேற நம்பர் எதுக்குன்னு ஒருத்தரும் 101 போடல. இந்தக் கூத்து எங்கேயாச்சும் உண்டா மச்சான்? ஒரே ஒரு ஆள் அந்த நம்பருக்கு அடிச்சிருந்தா அடுத்த வண்டி அப்பவே கிளம்பியிருக்கும்.

ஆபீசர் உடனே அடுத்த ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்தார். ஆனா அந்த வண்டி தூரத்துல இருந்து வரணும். அதுக்குள்ள எங்க ஆளுங்க பூட்ஸ் மாட்டி வண்டியில ஏறிட்டாங்க. என் அக்கா வீடுன்னு தெரிஞ்சு, மெதுவா உருட்டிக்கிட்டுப் போயிரலாம் வாங்கங்கிறாங்க. நானும் ஏறி ஸ்டார்ட் பண்ணினேன். முள் பாதிக்கு மேல ஏறல. அத்தனை பேரும் என் மூஞ்சியையே பார்க்கிறாங்க. எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்க.

‘வண்டி போகாது, இறங்குங்க’ன்னு சொல்லிட்டேன். சொன்னது என் வாய்தானான்னு இன்னமும் நம்ப முடியல.

பிச்சைமுத்து அண்ணன் பைக்குல போய்ச் சேர்ந்தேன். கன்னை அவுத்துவிட உள்ள போன அக்காவை அப்பத்தான் வெளியில இழுத்துப் போட்டிருந்தாங்க. அடுத்த ஸ்டேஷன் வண்டி இன்னும் வந்து சேரல. காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டு, வண்டி இல்லாம நிக்கிறேன். ஒரு ஆள் என் காலடியில காறித் துப்பினார். யாருன்னு சொல்ல மாட்டேன், நீங்க சண்டைக்குப் போவீங்க.

மறுநாள் மெக்கானிக் பிரேக் பைப்பைக் கழட்டிக் காட்டினார். பைப்பைப் பிடிச்சிருக்கிற கிளாம்புக்கு அடியில தலைமுடி கனத்துல விரிசல். கையால வளைச்சார், பிளந்துருச்சு. தொட்டி நிறையத் தண்ணியோட போற வழியில பாலத்து இறக்கத்துல இது நடந்திருந்தா ஒருத்தரும் வீடு திரும்பியிருக்க மாட்டீங்கன்னார். பிச்சைமுத்து அண்ணன் என் கையைப் பிடிச்சவர் விடவே இல்ல. நீ செஞ்சதுதான் சரின்னு ஆபீசர் எல்லார் முன்னாடியும் சொன்னார். காதுல விழுது, மனசுல ஏறல. சோறு இறங்கல. கண்ணை மூடினா கன்னு கத்துற மாதிரியே இருக்கு.

அக்கா நேத்து வரைக்கும் என்கிட்ட பேசல. இன்னைக்குக் கஞ்சி கொண்டு போய் ஊட்டினேன், வாங்கிக்கிட்டா. அப்புறம், கோவமாக்கூட இல்ல மச்சான், தெரியாததைக் கேக்கிற மாதிரி, ‘ஏன்டா தம்பி நீ வண்டி கொண்டு வரல?’ன்னு கேட்டா.

பைப்பு, காத்து, முள்ளு எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கட்டுப் போட்ட அந்தக் கையைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சொல்றது? நான் சொன்னா சாக்கு. நீங்க சொன்னா கேப்பா. கம்பெனியில கையில கால்ல விழுந்தாவது லீவு போட்டுட்டு வாங்க. உங்களுக்கும் என் மேல கோவம் வரும். ரெண்டு அறை விட்டாலும் வாங்கிக்கிறேன். அந்தக் கோவத்தோடயே வாங்க மச்சான், அவகிட்ட மட்டும் என் பக்கம் பேசுங்க.

நார்த்தாமலை மாரி உங்களை நல்லபடியாக் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

உங்க வழி பார்த்திருக்கும் மச்சினன்,
திருமுருகன்