அறிவுரை சொல்லக் கூடாதாம்

என் கோபக்காரிக்கு,

உன் அக்கா வீட்டில் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா? நான் நலம். மூன்று வேளையும் டின் சூப்தான்.

ஐஸ் ஹாக்கி கோச்சாக ஊரைக் கூட்டிக் கத்தியவனுக்குப் பள்ளி ஆலோசகர் படிப்பு எதற்கு என்று கேட்டாயே, நேற்று பேராசிரியை ஹாகனும் அதையேதான் கேட்டார். எங்கள் வகுப்பில் ஒருத்தர் மனக்குறையைச் சொல்ல, இன்னொருத்தர் கேட்க வேண்டும். அதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் போட்டுக் காட்டுவார்கள். அறிவுரை சொல்லக் கூடாது. 'ஏன்' என்று கேட்கக் கூடாது. அவர்கள் மனதில் இருப்பதைத் திருப்பிச் சொன்னால் போதும். அன்று பனியில் நின்று "கார் கிளம்பலை"ன்னு நீ கத்தியபோது, "கார் கிளம்பாதது உனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு போல"ன்னு நான் வாசலில் நின்று சொன்னது அந்தப் பாடம்தான். அரை மணியில் உன் அக்கா வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நேற்றைய வீடியோவில் கூடப் படிக்கும் கிர்ஸ்டன், "வீட்ல நான் பேசறத யாருமே காதுல வாங்கறதில்ல" என்று கண்ணைத் துடைக்கிறாள். நான், "சாவியக் குடும்மா, பேட்டரிய மாத்திடறேன்" என்கிறேன்.

வகுப்பே சிரித்தது. ஹாகன் மட்டும் சிரிக்கவில்லை. "கோச், அவ கார் பத்திப் பேசவே இல்லையே?"

உன் கார் பேட்டரியை மாற்றிவிட்டேன். ஏன் போனாய் என்று கேட்க மாட்டேன், திரும்பி வா என்றும் சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் மார்க் போய்விடும். சனிக்கிழமை உன் காரை அங்கே கொண்டுவந்து விடுகிறேன்.

அங்கிருந்து நம் ஊருக்கு பஸ் கிடையாது. இது அறிவுரை இல்லை, வெறும் தகவல்தான்.

பக்கத்து சீட்டில் வாயைத் திறக்காமல் வரக்கூடிய,
உன் கோச்