சட்டி திரும்பி வந்தது, நைனா

என் ஆசை நைனாவுக்கு,

சேதி நிறைய இருக்கிறது. முதல் சேதி, எலெக்ஷன் வந்தது. "இனிமே ஓட்டுன்னு ஒண்ணு கிடையாது, பாத்துக்கினே இரு" என்று கட்டிலில் படுத்தபடி புலம்பினாயே, நீ போன மூன்றாம் மாதமே வந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று விரலில் மை வாங்கினேன். யாருக்குப் போட்டேன் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன். டெல்லியில் அந்தம்மா தோற்றுப்போன சேதியை ரேடியோவில் கேட்டதும், பழவேற்காடு பெட்டிக்கடைக்காரர் உன் பேரைச் சொல்லி ஒரு பீடி பற்ற வைத்தாராம்.

எமர்ஜென்சி வந்த புதிதில் நான் அந்தம்மா பக்கம். நினைவிருக்கிறதா?

"பஸ்ஸு டைமுக்கு வருது நைனா. இன்னா குறைச்சல்?"

"பஸ்ஸு வருது. எதுத்துப் பேசுனவன் எங்க போனான்?"

அப்படியும் விடாமல் சண்டை போட்டேன், உன் மகளாயிற்றே.

அப்புறம் நம் ஊர் நாட்டாண்மைக்கும் அந்தக் காற்று அடித்தது. ஏரியில் எந்த வீடு எந்த இடத்தில் வலை போடுவது என்று வருஷா வருஷம் சட்டியில் சீட்டுப் போட்டுத்தான் எடுப்போம். அப்படிக் கிடைக்கிற இடம்தான் அந்த வீட்டுப் பாடு. "நாடே கட்டுப்பாடா கீது. கூட்டம், கூச்சலெல்லாம் வாணாம். இனிமே நானே பாடு பிரிச்சுத் தரேன்" என்றார் அவர். அத்தனை ஆம்பளைகளும் தலையாட்டினார்கள். நீ மட்டும் எழுந்து, "நீ நல்லவனாவே இரு. சட்டிய எதுக்கு எடுத்துக்கினு போற?" என்று கேட்டாய்.

உன் வாயை அடைக்கத்தான் முகத்துவாரம் பக்கம் நல்ல பாடாகப் பார்த்து உன் மருமகனுக்குக் கொடுத்தார். கூடை கூடையாக இறால் வந்தது. இறால் என்றால் உயிரை விடும் நீ, அதைத் தொடவே இல்லை. "சும்மா பேஜாரு பண்ணாத" என்று திட்டினேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது நைனா. கடைசிவரை அதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

அதனால்தான் எலெக்ஷன் முடிந்த வாரம் ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். அங்கே பொம்பளைகள் ஓரமாகக்கூட நிற்பதில்லை. நான் நடுவில் போய் நின்றேன்.

"எங்க நைனா கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல மாமா. சட்டி எங்க?"

"நல்ல பாடு உங்க ஊட்டுலதானே கீது? உனக்கு இன்னா கஷ்டம்?" என்றார் நாட்டாண்மை.

"அதான் நானே வந்து கேக்குறேன்."

பின்னாலிருந்து ஒருத்தர் சிரித்தார், பிறகு எல்லோரும். கடைசியில் நாட்டாண்மையும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டார். சட்டி அவர் வீட்டுக் கொல்லையில் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கிடந்தது. கழுவி எடுத்து வந்து சீட்டுப் போட்டோம்.

நமக்கு விழுந்தது எது தெரியுமா? வடக்குச் சேற்று மூலை! முழங்கால் தண்ணீர், நண்டுக்குஞ்சுகூட எட்டிப் பார்க்காது. உன் மருமகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கை இறாலோடு வந்தார். குழம்பு வைத்து உன் படத்துக்கு முன்னால் வைத்தேன். இது சீட்டில் வந்த இறால், நீ சாப்பிடலாம்.

சட்டி இப்போது அம்மன் கோயிலில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கிறது. மறுபடி அது காணாமல் போனால், எடுத்தது உன் மருமகனே ஆனாலும், நடுவில் போய் நின்று கேட்பேன்.

இப்படிக்கு,
உன் வாயைக் கொண்டு பிறந்த மகள்,
சேற்று மூலைக்காரி