கூட்டிவிட்ட சதுரம்

அக்கா,

இன்று காலை மழை சற்று விட்டபோது வீட்டுக்குப் பின்னால் கிடந்த சருகைக் கூட்டத் தொடங்கினேன். அடிச்சருகைக் கிளறியதும் அந்த வாசனை எழுந்தது. நனைந்த இலையும் மண்ணும் காளானும் சேர்ந்த வாசனை. எந்நேரமும் உங்கள் சட்டையில் இருந்த அதே வாசனை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆகிறது. செய்தி வந்த அன்று என் மகள் ஜெனிக்குக் காய்ச்சல், வர முடியவில்லை. பிறகு எழுதலாம் என்றிருந்து, இவ்வளவு தாமதம். அவளுக்கு இப்போது நாலு வயது. முந்தாநாள் வேலியோரம் பாம்புச் சட்டை கிடந்தது. அன்றிலிருந்து அவளைத் தனியாக வாசல் தாண்ட விடுவதில்லை. "மொத்தமா மருந்தடிச்சுக் கருக்கிருங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். புல் மருந்துக் கேன் வாசலில் வந்து இருக்கிறது. விலங்கியல் படித்து, உங்களோடு மூன்று வருஷம் காட்டில் அலைந்த நான்தான் அதை வாங்கிவரச் சொன்னேன்.

எருத்தேன்பதியிலிருந்து ஏலப்பாறைக்கு வந்த உங்கள் கொங்குப் பேச்சு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கே வேடிக்கை. அம்மா உங்களை டாக்டரம்மா என்று கூப்பிட்டு, முட்டிவலிக்கு மாத்திரையும் கேட்டாள். விரல்நகம் அளவு தவளைக்காக ஒரு சோலையையே வெட்டவிடாமல் நிறுத்தியவர் நீங்கள். எந்தெந்த நாட்டிலோ உங்களைப் பேசக் கூப்பிட்டார்கள். ஆனால் எங்கள் லயத்துச் சேவலைக் கண்டால் மட்டும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிவீர்கள். "புள்ள, மொதல்ல அதப் புடிச்சுக் கட்டு!"

சருகைப் புரட்டுமுன் குச்சியால் இரண்டு தட்டுத் தட்டி, "வரலாமுங்களா?" என்று கேட்பீர்கள். முதல்நாள் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அடுத்தவங்க ஊட்டுக்குள்ள சொல்லாமப் போவமா? பாம்பு இருந்தாலும் ஒதுங்கிப் போயிருமில்ல" என்றீர்கள்.

ஓடையோரம் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டிய அந்தச் சதுரம் நினைவிருக்கிறதா? இரண்டு வருஷம் அதற்குள் ஒரு கால் படவில்லை. வாராவாரம் ஓரத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதினோம். அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்த அன்று காலை, சதுரத்துக்குள் ஒரு சருகு இல்லை. வெறும் மண். நாலு ஓரமும் சுண்ணாம்புத்தூள்.

பெரிய துரை வரும் நாளில் பாதையைக் கூட்டி ஓரத்தில் சுண்ணாம்பு போடுவது எங்கள் எஸ்டேட் வழக்கம். லயத்துப் பெண்கள் கருக்கலிலேயே எழுந்து, உங்களுக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாதென்று செய்திருந்தார்கள். "பாத்தியளா டாக்டரம்மா, ஒத்த இலை கிடக்கா பாருங்க!" என்று அம்மா பெருமையாக நின்றாள்.

உங்கள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பிறகு, "கண்ணாடியாட்டம் இருக்குதுங்க அம்மா" என்று சொல்லி, அவள் நீட்டிய பால் விடாத கட்டஞ்சாயாவை வாங்கிக் குடித்தீர்கள். வந்தவர்களிடம், இது இவர்கள் எனக்குச் செய்த மரியாதை என்றீர்கள். அவர்கள் போனபிறகுதான் என் பக்கம் திரும்பினீர்கள். "செரி புள்ள. இனி யாரு மொதல்ல திரும்பி வர்றாங்கன்னு பாப்போம்."

சுண்ணாம்பை ஒரு துகள் விடாமல் வழித்தெடுத்தோம். முதலில் எறும்பு வந்தது. இலைகள் விழுந்து நனைந்தபின் மரவட்டை. அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் அந்த நகமளவு தவளை. கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர்போல, "வாங்க வாங்க" என்று கும்பிட்டீர்கள். அதன்பின் எந்தப் பெரிய சபையிலும் அந்தக் கூட்டிவிட்ட சதுரத்தைப் பற்றித்தான் பேசினீர்கள். லயத்துப் பெண்களை ஒரு சொல் குறைவாகச் சொன்னதில்லை.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது, அக்கா. முந்தின நாள் சாயங்காலம் அம்மாவிடம், "நாளைக்குப் பெரிய ஆளுங்க வாராங்க, அந்த இடம் நல்லா இருக்கணும்" என்று சொன்னது நான். யாரும் உள்ளே மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அர்த்தத்தில் சொன்னேன். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த நல்லதைச் செய்தார்கள். பழி அவர்கள்மேல் விழ, நான் வாய் மூடி நின்றேன். உங்களுக்கு ஒருவேளை தெரிந்திருக்கும். கேட்கவே இல்லை நீங்கள்.

இன்று விளக்குமாறும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தால் அம்மாவேதான். பிள்ளைக்கு நல்லது என்று நானும் வெறும் மண்ணாக்கப் பார்த்தேன்.

கேனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்குப் பயம் போயிருச்சா?" என்று கேட்டார். இல்லை. வாசலையும் சாக்கடை ஓரத்தையும் சுத்தமாகக் கூட்டினேன். அதற்கப்பால் கூட்டவில்லை. நாலு குச்சி நட்டு, சாக்குக் கயிற்றைக் கட்டினேன். நான் இல்லாமல் ஜெனி அங்கே போகக் கூடாது. போகும்போது முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். ஒரு கை தூரத்தில் நான் நிற்பேன்.

மத்தியானம் உங்கள் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்து அவளைக் கூட்டிப்போனேன். நீளக் குச்சியால் சருகில் இரண்டு தட்டுத் தட்டினாள். குனிந்து, காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"வரலாமுங்களா?"

எங்கள் லயத்தில் வேறு யாரும் அப்படிப் பேசுவதில்லை, அக்கா.